புகைப்பழக்கம்: இல்லை

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்துவிட்டாய் என்றால், தயவுசெய்து இன்னும் கொஞ்சம் படி. மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். போனில் பேச எனக்குத் தைரியம் இல்லை. நீ "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்தாலே நான் அழுதுவிடுவேன். உன் முகவரியை உன் பழைய கிளினிக்கில் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கெஞ்சி வாங்கினேன். அவரைத் திட்டாதே.

முட்டி வலி எப்படி இருக்கிறது? இப்போதும் நின்றுகொண்டேதான் வேலை பார்க்கிறாயா? நான் பெற்றாலும் உன் பெண் என்று கொஞ்சுவாயே, அவள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பெரியம்மா எங்கே என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அவளுடைய கோணல் பல்லுக்குக் கம்பி போட வேண்டும் என்று சொன்னாயே, போடவில்லை. வேறு யாரிடமும் கூட்டிப் போக மனசு வரவில்லை.

சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பல் ஆடுகிறது. கீழ்வரிசை முன்பல் நாலும் நாக்கால் தொட்டாலே அசைகின்றன. கடைவாயில் ஒரு பக்கம் மெல்லவே முடியவில்லை, எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துத்தான் கொடுக்கிறேன். வாய் நாற்றம் வேறு. பக்கத்தில் உட்கார முடியாது.

போன வருடம் அவரைப் பள்ளிக்கூடத்துக்கு முதல்வராக ஆக்கினார்கள். "வேற டாக்டரைப் பாருங்களேன்" என்றேன். "இந்த ஊர்ல இருக்கிற பல் டாக்டர் எல்லார் பிள்ளைங்களும் என் ஸ்கூல்லதான் படிக்குது. வாயைத் திறந்த உடனே சிகரெட்டான்னு கேப்பாங்க. நேத்துதான் ரெண்டு பசங்களை அதுக்காக வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். என் மானம் என்னாகும்? உங்கக்காகிட்டயே கேளு, அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்கிறார்.

அவர் கேட்கச் சொன்னதால் கேட்கிறேன். ஒரு தடவை பார்ப்பாயா?

உன் தங்கை

ஜூன் 11

தங்கைக்கு,

கிழிக்கத்தான் போனேன். "பல் ஆடுகிறது" என்ற வார்த்தை கண்ணில் பட்டது. மடித்து வைத்துவிட்டு, டீ போட்டு, உட்கார்ந்து, ஆற அமர மூன்று தடவை படித்தேன். இந்த மூன்று வருடத்தில் இவ்வளவு ருசியாக நான் எதையும் படித்ததில்லை.

அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமாமே! ஆமாம், தெரியும். உனக்கு மறந்திருக்கலாம், ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

உன் புருஷன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க என்னிடம் வந்தார். கேஸ் ஷீட் எழுத உட்கார்ந்தேன். பெயர், வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், எல்லாம் எழுதிவிட்டு "புகைப்பழக்கம்" என்ற இடத்துக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, அது மட்டும் வேண்டாமே. யாராவது பார்த்தா என் வேலையே போயிடும்." நீயும் பக்கத்தில் நின்று கண்ணால் கெஞ்சினாய். தினம் பதினைந்து சிகரெட் பிடிக்கிற மனிதர் என்று எனக்குத் தெரியும். வீட்டு மாப்பிள்ளை ஆயிற்றே என்று "இல்லை" என்று எழுதினேன். இருபது வருடத் தொழிலில் நான் எழுதிய ஒரே பொய் அதுதான்.

பல்லைப் பிடுங்கிவிட்டு வாயால் சொன்னேன். "பல் இருந்த குழியில ரத்தம் உறைஞ்சு நிக்கணும் மாப்பிள்ளை. அதுதான் மருந்து, அதுதான் மூடி. புகையை இழுத்தீங்கன்னா அது பிய்ச்சுக்கிட்டு வந்துடும். எலும்பு வெளியே தெரியும். மூணு நாள் தொடாதீங்க." தலையை ஆட்டினார். மூன்றாம் நாள் காதைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே வந்தார். குழி காலியாக இருந்தது. வாயைத் திறந்ததும் புதினா மிட்டாயையும் மீறிப் புகை நாற்றம் என் முகத்தில் அடித்தது. கழுவி, மருந்து வைத்து அடைத்தேன். மறுநாளே உட்கார்ந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதி உங்கள் வீட்டுக்கு அனுப்பினேன்.

அப்புறம் சீழ் பிடித்தது, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தார். எழுந்து வந்து என் மேல் பல் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தார். "எனக்குப் புகைப்பழக்கமே கிடையாது, டாக்டர் கைத்தவறு" என்று. என் கையெழுத்தில் இருந்த "இல்லை"யை அவர்கள் என் முன்னாலேயே படித்துக் காட்டினார்கள். "கடிதம் எழுதி எச்சரித்தேன்" என்றேன். "எந்தக் கடிதமும் வரலையே" என்றார் அவர், முகம் மாறாமல். நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் புகைப்பதைப் பார்த்ததே இல்லை என்று கையெழுத்துப் போட்டாய். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆறு மாதம் தொழில் செய்யக் கூடாது என்றார்கள். வாடகைக் கட்டடம், எக்ஸ்ரே மெஷின், நாற்காலி, எல்லாம் போயிற்று. இங்கே ஒருவருடைய கிளினிக்கில் இரண்டாவது நாற்காலியில் நிற்கிறேன். முதல் நாற்காலிக்காரருக்கு என்னைவிடப் பதினாறு வயது குறைவு. "மேடம், இந்தக் காரையை மட்டும் சுரண்டி விட்டுடுங்களேன்" என்கிறார். சுரண்டுகிறேன்.

உன் புருஷனைப் பார்க்க மாட்டேன். எல்லாப் பல்லும் விழட்டும். விழுந்ததும் எழுது.

அக்கா

ஜூன் 25

அக்காவுக்கு,

விழுந்துவிட்டது. நீ எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை பிள்ளைகள் எல்லோரும் மைதானத்தில் வரிசையாக நிற்க, இவர் மைக்கில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம். "சுத்தம்" என்று அழுத்திச் சொன்னதும் முன்பல் ஒன்று தெறித்து மைக்கில் பட்டு டொக்கென்று சத்தம். ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் கேட்டதாம். உன் பெண் அதே மைதானத்தில்தான் நின்றாள். வீட்டுக்கு வந்து பையைப் போட்டவள் இன்னும் அப்பாவிடம் பேசவில்லை. அவரும் உதட்டை மூடிக்கொண்டே இருக்கிறார். வேண்டியதை எழுதிக் காட்டுகிறார்.

தாளாளர் கூப்பிட்டு, "பல்லைச் சரிபண்ணிட்டு வாங்க சார், அதுவரைக்கும் மேடை வேண்டாம்" என்றிருக்கிறார். அடுத்த மாதம் அவருடைய முதல்வர் பதவியை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று கூட்டம் போடுகிறார்கள். இருபது வருடமாக அந்தப் பதவிக்காகத்தான் இந்த மனிதர் உயிரை விட்டார்.

உன் ஊருக்கு வரச் சம்மதிக்கிறார். ஆனால் கேஸ் ஷீட்டில் போன தடவை மாதிரியே எழுத வேண்டுமாம். என்னைத் திட்டாதே. நான் வெறும் தபால்காரி.

உன் தங்கை

ஜூலை 2

தபால்காரிக்கு,

வெட்கம் கெட்ட மனிதர். பல் போயும் புத்தி வரவில்லையே! அதே "இல்லை"யை அதே கையால் நான் மறுபடி எழுத வேண்டுமாம்!

மைக் சத்தத்தை நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஒரு பாட்டியம்மாவுக்குப் பல்செட் அளவு எடுத்துக்கொண்டிருந்தவள் மாவு உறைவதற்குள் இரண்டு தடவை வெளியே போய் வந்தேன்.

சரி, கேட்டுக்கொள். பார்க்கிறேன். ஆனால் என் நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டால்தான் பார்ப்பேன். கவுன்சிலுக்கு அவரே, அவர் கையெழுத்தில், ஒரு கடிதம் எழுத வேண்டும். மூன்று விஷயம் அதில் இருக்க வேண்டும். நான் இருபத்திரண்டு வருடமாகப் புகைபிடிக்கிறேன், பல் பிடுங்கிய அன்றே பிடித்தேன் என்பது. ஷீட்டில் "இல்லை" என்று எழுதச் சொன்னது நான்தான் என்பது. டாக்டர் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதினார், அது என் கைக்கு வந்தது, விசாரணையில் வரவில்லை என்று பொய் சொன்னேன் என்பது. நகல் ஒன்று அவருடைய தாளாளருக்கும் போக வேண்டும். பதிவுத் தபால் ரசீது என் மேஜைக்கு வந்த பிறகு அவர் வாயைத் திறக்கலாம்.

எனக்கு முக்கியம் மூன்றாவது. முதலாவதில் அவர் மட்டும் பொய்யர். இரண்டாவதில் எனக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவதில்தான் என்னைப் பொய்க்காரி ஆக்கினார். அந்த அறையில் இருந்த ஐந்து பேரும், மாட்டிக்கொண்டதும் கதை கட்டுகிறாள் என்று என்னைப் பார்த்தார்களே, அந்தப் பார்வை இன்னும் என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கடிதத்தில் எல்லாம் எழுதியிருந்தேன். ஈறிலிருந்து ரத்தம் வரவில்லையே என்று நிம்மதியாக இருக்காதீர்கள், புகை ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும், அதனால் உள்ளே அழுகுவது வெளியே தெரியாது, இப்போது நிறுத்தி ஈறுக்கு வைத்தியம் பார்த்தால் இரண்டு பல்லைத் தவிர எல்லாம் நிற்கும், இல்லையென்றால் மூன்று நான்கு வருடத்தில் ஒவ்வொன்றாக உதிரும் என்று. மந்திரம் போட்டதுபோல் நடந்திருக்கிறது பார்.

அக்கா

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதுகிறேன் என்கிறார். எனக்கே ஆச்சரியம். நேற்று இன்னொரு பல்லும் ஆட ஆரம்பித்ததும் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார். "எழுதித் தொலைக்கிறேன். வேலை போனாலும் போகட்டும். வாயோட இருக்கணும் நான்" என்றார். முதல் விஷயமும் இரண்டாவதும் எழுதியாயிற்று. நானே படித்துப் பார்த்தேன். ஒளிவு மறைவு இல்லை.

மூன்றாவது மட்டும் மாட்டேன் என்கிறார். "எனக்கு எந்தக் கடிதமும் வரல. வந்திருந்தா வந்துச்சுன்னு சொல்லிட்டுப் போறேன், இவ்வளவு எழுதினவனுக்கு அது பெருசா?" என்று உன் பெண் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்லும்போது காதைத் தேய்ப்பார், உனக்கும் தெரியும். தேய்க்கவில்லை.

அந்த ஒரு வரியை விட்டுவிடேன் அக்கா. மற்ற இரண்டும் போதாதா? தபாலில் எத்தனையோ கடிதம் தொலைகிறது. உனக்கு வேண்டியது உன் பெயர். அது முதல் இரண்டிலேயே கிடைத்துவிடும். அந்த மூன்றாவதைப் பிடித்துத் தொங்காதே.

உன் தங்கை

ஜூலை 15

தங்கைக்கு,

விட மாட்டேன். மற்ற இரண்டும் இல்லாமல்கூட அது ஒன்று வேண்டும்.

தபாலில் தொலைந்ததாம்! ஒப்புகைச் சீட்டு போட்டு அனுப்பினேன். யாரோ வாங்கினதாகத் திரும்பி வந்தது, கையெழுத்து கோழி கிறுக்கியது மாதிரி இருந்தது. கிளினிக்கைக் காலி செய்தபோது அதுவும் குப்பையோடு போய்விட்டது, இல்லையென்றால் அன்றைக்கே அவர் மூஞ்சியில் எறிந்திருப்பேன். சத்தியம் செய்கிறாராம், பெண் தலையில்! அந்தக் கையை முதலில் கழுவச் சொல்.

நீ ஏன் இந்த வரிக்காக இவ்வளவு மல்லுக்கட்டுகிறாய்? உன் புருஷன் மானம் மூன்றாவதில்தான் தொங்குகிறதா?

அக்கா

ஜூலை 22

அக்கா,

நான்தான் வாங்கினேன்.

தபால்காரர் வந்தபோது அவர் உள்ளே வலியில் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கி, உன் எழுத்து என்பதால் பிரித்தேன். முதல் பக்கம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தாய்: "இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியும் பயனில்லை, அவள் மண்டையில் எதுவும் ஏறாது. நீங்களே படித்து நடந்துகொள்ளுங்கள்."

ஏறியது அக்கா. ஒவ்வொரு எழுத்தும் ஏறியது. புகை ரத்தத்தை மறைக்கும், ரத்தம் வராததுதான் ஆபத்து, மூன்று வருடத்தில் உதிரும், எல்லாமே. இப்போதுகூட அப்படியே ஒப்பிப்பேன். சின்ன வயதிலிருந்து நீ என்னைப் பற்றி இப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாய். என் கல்யாணத்தன்று என் மாமியாரிடமும் சொன்னாய், சிரித்துக்கொண்டே. ஆனால் எழுத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. மடித்து, புடவைக்கு அடியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன்.

அதற்குள் அவர் புகார் எழுதிவிட்டார். என் முன்னால் ஒரு காகிதத்தை நீட்டி, "போடு" என்றார். "படிச்சுட்டுப் போடறேன்" என்றேன். "நீ படிச்சு என்ன கிழிக்கப் போற? போடறதுன்னா போடு, இல்லைன்னா பொண்ணை விட்டுட்டு உங்கக்கா வீட்டுக்குப் போ" என்றார். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரி சொன்னீர்கள்.

விசாரணையில் நீ "கடிதம் எழுதினேன்" என்றபோது என் பீரோவில் அது இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ தப்பித்திருப்பாய். எனக்குத் தெரியும். பயம் என்று சொல்லலாம், பாதிதான் பயம். மீதியை நீயே புரிந்துகொள்.

அப்புறம் அவர் விஷயம். தினம் காலையில் பல் துலக்கித் துப்பிவிட்டு என்னைக் கூப்பிடுவார். "பாரு, ஒரு சொட்டு ரத்தம் இருக்கா? உங்கக்கா கையில மாட்டியிருந்தா எல்லாத்தையும் பிடுங்கி மாலை போட்டிருப்பா" என்று சிரிப்பார். "ஆமாங்க" என்று துண்டை நீட்டுவேன். மூன்று வருடம், ஒரு நாள் விடாமல். குளியலறையில் அவர் புகைக்கும்போது புகை வெளியே போகும் விசிறி நின்றுபோனது, ஆளைக் கூப்பிட்டு நான்தான் சரி செய்தேன். கறை போக்கும் பற்பசையை நான்தான் தேடித் தேடி வாங்கினேன். வெளியே பளபள என்று இருந்தால் உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்? உதிரட்டும் என்று காத்திருந்தேன். என்னால் முடிந்தது அதுதான்.

விழுந்த அன்று எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். கொஞ்சம் வந்தது. உன் பெண் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

உன் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதை வைத்து நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

தங்கை

ஆகஸ்ட் 1

ஏய்,

என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் போயிற்று. உன் கடிதம் வந்த அன்று ஒரு நோயாளிக்கு இடது பக்கம் போட வேண்டிய மரப்பு ஊசியை வலது பக்கம் போட்டுவிட்டேன். முதல் நாற்காலிக்காரர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

பாவி! நான் நாற்காலியை விற்றபோது, எக்ஸ்ரே மெஷினை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனபோது, புடவைக்கு அடியில் என் உயிரை வைத்துக்கொண்டு அந்தப் பீரோவைத் தினமும் திறந்து மூடியிருக்கிறாய். நீ என் கூடப் பிறந்தவள்தானா?

அவருக்குச் செய்தது அதைவிட மோசம். அவர் அயோக்கியர், சந்தேகமே இல்லை. ஆனால் அது அவருடைய வாய். அவருக்குத் தெரிய வேண்டிய விஷயம். உள்ளே அழுகுகிறது என்று தெரிந்துகொண்டே துண்டை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாய். எனக்கு அவர் மேல் இருக்கும் வெறிக்கு நான்கூட அப்படிச் செய்ய மாட்டேன். இப்போது எட்டுப் பல்லாவது போகும். ஆறு பல்லைக் காப்பாற்றியிருக்கலாம். அதற்கு நீதான் பொறுப்பு.

என் பழைய கடிதத்தை மறுபடி படித்தேன். நீ சொன்ன வரி இருக்கிறது. எழுதினதே எனக்கு ஞாபகம் இல்லை. அவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறேன்.

இதைக் கவுன்சில் மேஜையில் வைத்தால் ஒரே நாளில் என் பெயர் சுத்தமாகிவிடும். ஐந்து பேரும் இரண்டாம் பக்கத்தையும் படிப்பார்கள். அவருக்கும் நகல் போகும், உன் வீடு இரண்டாகும். வைக்கவில்லை. மூன்றாவது விஷயத்தை அடித்துவிடச் சொல். மற்ற இரண்டோடு அனுப்பட்டும். உன் மேல் இரக்கப்பட்டு என்று நினைக்காதே. எனக்கு அந்த வரியை யாரும் படிக்க வேண்டாம்.

ரசீது வந்ததும் அவரை அனுப்பு.

அக்கா

ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

ரசீது இரண்டும் இதில் இருக்கின்றன. கவுன்சிலுக்கு ஒன்று, தாளாளருக்கு ஒன்று. தபால் ஆபீஸுக்கு நானும் போனேன், கையை விட்டுக் கடிதம் நழுவும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

தாளாளர் இரண்டே நாளில் கூப்பிட்டார். முதல்வர் பதவி வேறு ஒருவருக்கு. இவர் விரும்பினால் கணக்கு வாத்தியாராகத் தொடரலாம். சிகரெட்டுக்காக இவர் டீசி கொடுத்து அனுப்பிய ஒரு பையனின் அப்பா வாசலில் வந்து நின்றார். கத்தப் போகிறார் என்று நான் பயந்தேன். இவரை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுப் போனார்.

பதினோரு நாளாகச் சிகரெட்டைத் தொடவில்லை என்கிறார். நான் விசிறியை நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டேன், உண்மைதான். ஆனால் நிறுத்தியதிலிருந்து துலக்கும்போது ரத்தமாகக் கொட்டுகிறது. "இத்தனை வருஷம் வராத ரத்தம் நிறுத்தினப்புறம் வருது பாரு. உங்கக்கா ஏதாவது சூனியம் வெச்சுட்டாங்களா?" என்று கேட்டார். எனக்குக் காரணம் தெரியும், உன் கடிதத்தில் படித்ததுதான். ரத்தம் திரும்ப ஓட ஆரம்பித்திருக்கிறது. "அக்காகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டேன்.

உன் பெண்ணுக்குப் பரீட்சை, நான் வர முடியாது. பதினெட்டாம் தேதி தனியாக வருகிறார். பத்து நாள் உன் கிளினிக் பக்கத்தில் லாட்ஜில் தங்குவார். நேற்று ராத்திரி, "உங்கக்கா கையில கத்தி இருக்கும், நான் வாயைத் திறந்துட்டுக் கிடப்பேன். பழி வாங்கிடுவாங்களா?" என்று கேட்டார். சிரிக்கத்தான் கேட்டார். என் பதிலுக்குக் காத்து நின்றார்.

தங்கை

ஆகஸ்ட் 19

தங்கைக்கு,

நேற்று வந்தார். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு, வரிசையில் கடைசி ஆளாக உட்கார்ந்திருந்தார். கேஸ் ஷீட்டை அவர் மடியில் வைத்துப் பேனாவைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் அவரே நிரப்பினார். உண்மையாகத்தான் நிரப்பினார்.

மூன்று வருடமாக இந்த நாளுக்கென்று ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். மரப்பு ஊசி போட்டு, வாயில் பஞ்சை அடைத்து, அவர் பதில் பேச முடியாதபடி ஆக்கிவிட்டு ஆரம்பித்தேன். "மாப்பிள்ளை, இந்த அறையில எத்தனை நாற்காலி இருக்குன்னு எண்ணுங்க. நான் ரெண்டாவது" என்றேன். அடுத்ததைச் சொல்வதற்குள் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. பஞ்சால் துடைத்துவிட்டேன். பேச்சு அதோடு நின்றுபோயிற்று. வலிக்கக் கூடாது என்று இன்னொரு ஊசி போட்டேன். கீழ்வரிசையில் முன்பல் மூன்றும் கடைவாய்ப் பல் இரண்டும், ஐந்து பல்லை எடுத்தேன். வேர் நுனிவரை கருப்பாக இருந்தது. இவ்வளவு நன்றாக நான் யாருக்கும் செய்ததில்லை.

எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். உறிஞ்சக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, பத்து நாள் புகை கூடாது. கையெழுத்து வாங்கினேன். "சத்தியமா தொடமாட்டேன்க்கா. நீங்க தெய்வம்" என்று வீங்கின வாயால் சொன்னார். இரவு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. போனால் போகிறது, முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இன்று காலை பார்த்துவிட்டுப் போக வந்தார். நாற்காலியில் சாயும்போதே தெரிந்துவிட்டது. அதே புதினா மிட்டாய், அதற்கு அடியில் அதே நாற்றம். விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். கடைவாய்க் குழி இரண்டும் காலி. ரத்தக்கட்டி இல்லை, வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

"சிகரெட் பிடிச்சீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"ஐயோ, இல்லவே இல்லைக்கா. பொண்ணு மேல சத்தியம்" என்றார்.

ஒப்புக்கொண்டிருந்தால் திட்டியிருப்பேன், உடனே கழுவியிருப்பேன். மருந்து நனைத்த துணி கைக்கு எட்டும் தூரத்தில் தட்டில் இருந்தது. இரண்டு நிமிட வேலை. வலி இன்னும் ஆரம்பிக்கவில்லை, நான் கொடுத்த மாத்திரை தாங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குள் அடைத்திருந்தால் பெரிதாகத் தெரியாமலே போயிருக்கும். எனக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது.

"நல்லா ஆறுது மாப்பிள்ளை. திங்கட்கிழமை வாங்க" என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். மத்தியானம் முழுக்க ஜன்னல் பக்கம் நின்றேன். லாட்ஜ் எதிர்வரிசையில்தான் இருக்கிறது. நடந்தால் இரண்டு நிமிடம். ஆளை அனுப்பியும் கூப்பிட்டிருக்கலாம். முதல் நாற்காலிக்காரர், "என்ன மேடம், யாராவது வரணுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன்.

போன கடிதத்தில் உன்னைப் பாவி என்று எழுதியிருந்தேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான்கூட அப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதியிருந்தேன், அதையும். இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. கத்தி வேண்டாம், கெட்ட வார்த்தை வேண்டாம், ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

நாளைக்கு வலி ஆரம்பிக்கும், காதுவரை ஏறும். என்னிடம் வருவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. மருந்து எடுத்து வைத்திருக்கிறேன். "சிகரெட் பிடிச்சேன்"னு அவர் வாயால் சொல்லட்டும், அப்புறம் வைக்கிறேன்.

அக்கா